பன்னிரண்டு அங்குலச் சிப்பாய்

ஜூன் 3, செவ்வாய்

லேபுக்கு மூன்று பல் அச்சு வந்தது. மூன்றிலும் காற்றுக்குமிழி. அச்சு எடுப்பது டாக்டர். திட்டு வாங்குவது நான். பல் செட் வாயில் சரியாக உட்காரவில்லை என்றால், "லேப்காரர் சொதப்பிட்டார்" என்று நோயாளியிடம் சொல்லிக் கையைக் கழுவிவிடுவார்கள். இத்தனை வருடம் வேலூர்க்காரர்களுக்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்து, கோபத்தில் கடித்துக் கடித்து என் பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

மத்தியானம் புருஷோத்தமன் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கலாம். அணைக்கட்டுப் பக்கம் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊராம். ராணுவத்தில் சேர ஆசைப்படும் பையன்களுக்கு ஓடவும் கயிறு ஏறவும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையம் நடத்துகிறான். நான் ஓய்வு நேரத்தில் செய்யும் பொம்மைகளைப் போனில் எங்கேயோ பார்த்திருக்கிறான். பொம்மை என்றால் குழந்தைகள் போட்டு உடைக்கிற ரகம் இல்லை. பன்னிரண்டு அங்குல உயரம், கை கால் எல்லாம் மடங்கும், தைத்த உடுப்பு, நிஜப் பித்தளைப் பொத்தான். ஆக்‌ஷன் ஃபிகர் என்பார்கள். என் மனைவி ஜெகதா மட்டும் மரப்பாச்சி என்பாள்.

இவனுடைய அண்ணன் தயாளன் ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவன். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் வடக்கு எல்லையில் ரோந்து போனபோது பனிச்சரிவில் சிக்கிவிட்டான். கூடப் போனவர்களின் உடல் கிடைத்தது. அவனுடையது மட்டும் கிடைக்கவில்லை.

"சும்மா ஒரு சோல்ஜர் பொம்மை வேணாண்ணா. எங்கண்ணன் சாவல. இன்னும் அங்க காவல் காத்துனு கீறாரு. அந்த மாதிரி வேணும்."

"அந்த மாதிரின்னா எந்த மாதிரி?"

"பேயும் இல்ல, சாமியும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. கண்ணுல லைட் எரிஞ்சா சூப்பரா இருக்கும்ணா. எங்க சென்டர்ல கண்ணாடிப் பொட்டி ரெடி பண்ணிட்டேன்."

ஆரம்பமே இப்படி.

ஜூன் 5, வியாழன்

கண்ணில் லைட் முடியாது என்று போனில் சொல்லிவிட்டேன். சரி என்றான். சற்று நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "பூட்ஸுலயாவது?" என்கிறான்.

ஜூன் 8, ஞாயிறு

முகம் பிடிக்க ஆரம்பித்தேன். பல் வேலைக்கு வைத்திருக்கும் மெழுகுக் கத்திதான் இதற்கும். கொடுத்திருக்கும் படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அந்த ரகப் படத்தில் யாருக்குமே முகம் இருப்பதில்லை. இரண்டு காதும் ஒரு பயமும்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கி, மங்கலாக்கி, மேலே தேசியக் கொடியையும் ஒட்டி அனுப்பியிருக்கிறான். மூக்கு எங்கே முடிகிறது, கொடி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உடம்பு பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். மார்பு விரிந்த, புஜம் திரண்ட ரகம். புருஷோத்தமன் கேட்டதும் அதுதான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தேன். ஜெகதா தோசைத் தட்டை வைக்க இடம் தேடிவிட்டு, "இது வீடா, விபத்து நடந்த எடமா?" என்று கேட்டாள். பதில் சொன்னால் வளரும் என்று தோசையைத் தின்றேன்.

ஜூன் 12, வியாழன்

பெட்டியில் வைக்க ஒரு கதை அட்டை வேண்டுமாம். தயாளனோடு வேலை செய்த ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அவர்கள் இருந்த எல்லைக் காவல் சாவடிப் பக்கம் இரவில் ஒரு தடவை விசில் சத்தம் கேட்டதாகச் சொன்னாராம். "காத்தாவும் இருக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் புருஷோத்தமன் யாரிடமும் சொல்வதில்லை. என்னிடமும் வாய் தவறித்தான் சொன்னான்.

கதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கை உண்டு. எழுதியது இது:

"பதினெட்டாயிரம் அடி உயரத்தில் ஒரு சாவடி. அங்கே காவலுக்கு நிற்பவன் கண்ணயர்ந்தால் பின்னால் ஒரு விசில் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். பனியில் பூட்ஸ் தடம் மட்டும் இருக்கும். வாசலில் வைத்த தேநீர் விடியும்போது காலியாகியிருக்கும். நாயக் தயாளனுக்குப் பசி இல்லை, உறக்கம் இல்லை, மரணம் இல்லை. மலை உள்ளவரை அவன் காவல் உண்டு."

எனக்கே மெய்சிலிர்த்தது. புருஷோத்தமன் படித்துவிட்டுப் போனிலேயே அழுதான். தேநீர் விஷயம் நானாகச் சேர்த்தது. அதையும் அவன் நிஜம் என்றே எடுத்துக்கொண்டான்.

ஜூன் 17, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை, நெற்றியில் குங்குமம்.

"நான் யுவராணிங்கண்ணா. புருஷோத்தமனோட அண்ணி. பொம்மையப் பாக்கலாமா?"

காட்டினேன். கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

"எங்க மாமனார் மாதிரி கீது."

எனக்குச் சுர்ரென்றது. "போட்டோவ வெச்சுத்தாம்மா செஞ்சேன்" என்றேன். அவளிடம் போனில் வேறு படங்கள் இருந்தன. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிற படம், யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம். இடது புருவத்தில் ஒரு வெட்டு. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறியிருக்கிறது.

"பொம்மை வாய மூடினு இருக்குதேம்மா, பல்லு எப்படித் தெரியும்?"

"வாய மூடினா அந்த எடத்துல மேலுதடு லேசா தூக்கினு இருக்கும்ணா."

உண்மைதான். பல்லோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை. அதுவும் எரிச்சல். போகும்போது, தோள் இவ்வளவு அகலம் கிடையாது, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், லேசாகத் தொப்பை உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஆர்டர் கொடுத்தவள் இல்லை. எதற்கு இத்தனை உரிமை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

செய்த முகத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி பிடித்தேன். மார்பை ராவினேன். தோளை இறக்கினேன். அத்தனை விலையுள்ள உடம்புக்குப் பட்டி மாவு அப்பித் தொப்பை போட்ட முட்டாள் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படம் அனுப்பினால் புருஷோத்தமன் கேட்கிறான்: "ஏண்ணா அண்ணன் டல்லா கீறாரு?"

ஜூன் 26, வியாழன்

புருஷோத்தமன் மீசையை முறுக்கச் சொல்கிறான். யுவராணி மீசையைக் கத்தரிக்கச் சொல்கிறாள். இடையில் டாக்டர் கூப்பிட்டு, யாரோ ஒரு பாட்டா செட்டைப் போட்டுக்கொண்டு பேசினால் விசில் அடிக்கிறதாம், என்ன செய்வது என்கிறார். பேசவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

கண் எழுதினேன். புருஷோத்தமனுக்காக வெளிர் நீலத்தில் ஒரு படலம் கொடுத்து, உள்ளிருந்து பனி ஒளிர்கிற மாதிரி. இத்தனை வருடத்தில் நான் எழுதிய கண்களிலேயே இதுதான் உசத்தி. படத்தைப் பார்த்ததும் யுவராணியிடமிருந்து ஒரு வரி: "அவர் கண்ணு ஏன்ணா இப்படி ஆயிடுச்சி?"

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். பிறகு தின்னர் எடுத்துத் துடைத்துவிட்டுச் சாதாரணப் பழுப்பில் எழுதினேன். நீலம் சரியாக ஒட்டவில்லை என்று புருஷோத்தமனிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 4, வெள்ளி

பெங்களூரில் பொம்மை செய்கிறவர்களின் கண்காட்சி இருபத்தாறாம் தேதி. எனக்கு மேசை ஒதுக்கிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் போகுமுன் பொம்மையை இரண்டு நாள் அங்கே வைத்துக்கொள்ளப் புருஷோத்தமன் ஒப்புக்கொண்டான். இந்தத் தடவை பரிசு எனக்குத்தான். தற்பெருமை இல்லை, அந்த மேலுதட்டைப் பார்த்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

லேபில் ஏசிக் காற்று நேராகப் பொம்மைமேல் அடிக்கிறது. கைக்குட்டையை மடித்துத் தோளோடு போர்த்திவிட்டு வந்தேன். பெயின்ட் ஒரேயடியாகக் காய்ந்து வெடிப்பு விட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

யுவராணி வந்தாள். முழு உடுப்போடு நிறுத்தி வைத்திருந்தேன். வெகுநேரம் பார்த்தாள். இந்தத் தடவை ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கே சந்தேகமாகிவிட்டது.

பிறகு பூட்ஸைத் தொட்டாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். கை சும்மா இருக்குமா? தையலைத் திருப்பிப் பார்க்க ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கழன்று வந்துவிட்டது. உள்ளே கால் இல்லை. மற்றதையும் இழுத்துப் பார்த்தாள், அதிலும் இல்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பூட்ஸ் போடுகிற பொம்மை என்றால் பாதம் வைக்க மாட்டோம். கணுக்காலில் சின்ன முளை ஒன்று இருக்கும். அதில் பூட்ஸைச் செருகிவிடுவோம். பாதம் வைத்தால் பூட்ஸ் பெரிதாகிப் பார்க்க அசிங்கமாக இருக்கும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். அவள் அந்த முளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேய்க்குத்தாண்ணா கால் இருக்காதும்பாங்க."

"ஐயோ, அதுக்கில்லம்மா. பூட்ஸுக்குள்ள யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கணும்ணா. கட்டைவெரல் ரெண்டும் சேத்துக் கட்டணும்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. இறந்தவர்களுக்குத்தான் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து சொன்னாள். வெளியூரில் இறந்து உடம்பு கிடைக்காதவர்களுக்கு அவர்கள் ஊரில் மாவால் ஓர் உருவம் பிடித்து, அதைக் குளிப்பாட்டி, கால் கட்டி, எல்லாச் சடங்கும் செய்து புதைப்பார்கள். போன வருடம் தயாளனுக்கும் செய்ய உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அத்தை மாவுல புடிச்சி வெச்சாங்க. கண்ணுக்கு ரெண்டு மொளகு. அது யாரோண்ணா. அதும்மேல உழுந்து நான் எப்டி அழறது? எழுந்து வந்துட்டேன். காரியம் நின்னு போச்சி. புருஷோத்துக்கு சந்தோஷம், அண்ணன் சாவலன்னு."

"அதுக்குத்தான் இந்தப் புருவம், பல்லு எல்லாமா?"

தலையாட்டினாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்க."

அதுவும் சரிதான். மேசைமேல் கதை அட்டை கிடந்தது. எடுத்து மெதுவாகப் படித்தாள். நான் பிடுங்கியிருக்கலாம். படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதியவனுக்கு உள்ள சபலம்.

"மலை உள்ளவரைன்னு போட்டுக்கீறீங்களே, அதுவரைக்கும் அவரு நிக்கணுமாண்ணா?"

அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"புருஷோத் இந்தக் கதைய சொல்லும்போது பசங்க கைதட்றாங்க. அவங்களுக்கு அவரு காவல் காக்கறாரு. எனக்கு அவரு குளிர்ல நிக்கறாருண்ணா. நான் போத்திகினு படுத்துகினு கீறேன், அவரு அங்க நிக்கறாரு. எனக்கு எப்டித் தூக்கம் வரும்? நாய் எழுந்து ஒதறினாகூட முழிப்பு வந்துடுது. மூணு வருசமா இப்படித்தான். மிஷின்ல ரெண்டு வாட்டி வெரலு மாட்டிக்கிச்சி."

ஆடி அமாவாசை அன்று செய்துவிட வேண்டுமாம். இருபத்துநாலாம் தேதி. பொம்மையை அவளிடம் கொடுக்கவேண்டும், காலோடு.

முடியாதும்மா என்றேன். ஆர்டர் கொடுத்தவன் புருஷோத்தமன், அவனைக் கேட்காமல் எப்படி என்றேன். கண்காட்சியைப் பற்றிச் சொல்லவில்லை. பூட்ஸைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள். இடது காலில் வலது பூட்ஸ்.

எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

ஜெகதாவிடம் சொன்னேன். என் வேலையைப் புதைக்கப் போகிறாளாம், எப்படி இருக்கிறது கதை என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"காலு செஞ்சாச்சா?" என்றாள்.

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ என்ன கேக்கற?"

"நீங்க சொல்றது காதுல விழுது. காலு செஞ்சாச்சான்னு கேட்டேன்."

இந்த வீட்டில் மனிதன் பேசுவதற்கு மதிப்பே கிடையாது.

ஜூலை 13, ஞாயிறு

கால் செய்தேன். கொடுப்பதற்காக இல்லை. முளையோடு விட்டது ஒரு குறை என்று ஆன பிறகு கண்ணை உறுத்துகிறது, அவ்வளவுதான். பல் செட்டுக்குப் போடும் ஈறு நிற அக்ரிலிக்கில் கொஞ்சம் பழுப்பு கலந்தேன். யுவராணியிடம் காலுக்குப் படம் உண்டா என்று கேட்டேன். எவள் புருஷன் காலைப் படம் எடுத்து வைத்திருப்பாள்? ஆனால் உடனே எழுதி அனுப்பினாள்: இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம், குதிகாலில் பித்தவெடிப்பு, வலது சுண்டுவிரல் நகம் பாதிதான்.

மூன்று வருடமாகியும் நகம் நினைவிருக்கிறது. ஜெகதாவின் கால் விரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் டீ கொண்டுவந்தபோது குனிந்து பார்த்தேன். "என்ன தேடறீங்க?" என்றாள். மூடி விழுந்துவிட்டது என்றேன்.

பித்தவெடிப்புக்குப் பல் குடைகிற மிகச் சின்ன பர் ஊசி போட்டுக் கீறினேன். ஒரு பெரிய செட் முடிக்கிற நேரம் ஒரு குதிகாலுக்கே போய்விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். யுவராணி சொல்லி விஷயம் தெரிந்து புருஷோத்தமன் லேபுக்கே வந்து கத்தினான்.

"அண்ணி கேட்டா நீங்க இன்னாத்துக்குண்ணா கால் வெக்கறீங்க? ஆர்டர் குடுத்தது யாரு?"

"கால் வெச்சா கொறஞ்சா போச்சு?"

"காரியம் பண்ணிட்டா அண்ணன் செத்துட்டாருன்னு ஆயிடும்ணா! அப்பறம் எனக்கு இன்னா கீது?"

இவனும் பாவம்தான் என்று தோன்றியது. ஆனாலும் காலையிலிருந்து மூன்று பேரிடம் திட்டு வாங்கியவன் நான். எனக்கும் வாய் நிற்கவில்லை.

"உன் சென்டர்ல பசங்களுக்குக் காவல் ட்யூட்டி சொல்லிக் குடுக்கறியா?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"ஒருத்தன் எவ்ளோ நேரம் நிப்பான்?"

"ரெண்டு அவர். பனியில அதவிடக் கம்மி. அப்பறம் அடுத்த ஆளு வந்து மாத்துவான்."

"வரலைன்னா?"

"வராம எப்டிண்ணா? வந்துதான் ஆவணும். நிக்கறவன் செத்துடுவான் இல்ல?"

"அப்ப உங்கண்ணன மாத்த யாருடா போனீங்க? மூணு வருசமா நிக்க வெச்சி கைதட்டினு இருக்கீங்க!"

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். புருஷோத்தமன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாடிக்கையாளரை "டா" போட்டுப் பேசியது தப்பு. கதை எழுதியவனே நான்தான் என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நல்ல காலம், கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

பொம்மையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் பெயின்ட் சற்றுத் திட்டாக இருக்கிறது. இந்தக் குறையோடு கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியாது. நடுவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். வரவில்லை என்று பெங்களூருக்குச் சொல்லிவிட்டேன். சும்மா வீணாக இருப்பதை யுவராணி எடுத்துக்கொள்ளட்டும்.

ஜெகதாவிடம் திட்டைக் காட்டினேன். "எங்க?" என்று தேடினாள். பிறகு, "ஆமாமா, ரொம்ப அசிங்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளிடம் ஒரு விஷயத்தைச் சீரியஸாகப் பேச முடியாது.

கதை அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

நானும் ஜெகதாவும் போனோம். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. பொம்மைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் இடித்தார்கள், நாலு பேரோடும் சண்டை.

வீட்டு வாசலில் சின்னக் கூட்டம். புருஷோத்தமன் இல்லை. காலையிலேயே எங்கேயோ போய்விட்டான் என்றார்கள். தயாளனின் அம்மா பெட்டியைத் திறந்தார். பார்த்த உடனே முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாவு உருவத்தைப் பிடித்தவர் அவர்தான். இதைப் பார்ப்பதற்கு அவரும் தயாராக இருந்திருக்க மாட்டார்.

யுவராணி மனைப்பலகையில் வாழை இலை போட்டுப் படுக்க வைத்தாள். உடுப்பைக் கழற்றினாள். பொத்தான் ஒவ்வொன்றும் நான் தனியாக வார்த்தது. அத்தனையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். எண்ணெய் வைத்தாள். சீயக்காய் கரைத்திருந்தார்கள். பெயின்டுக்கு எண்ணெயும் ஆகாது, சீயக்காயும் ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பிலிருந்து சொம்பில் ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது.

வயதான ஒருத்தி தடுத்தாள். "பச்சத் தண்ணிதாண்டி ஊத்துவாங்க, வெந்நி ஊத்த மாட்டாங்க."

"எனக்குத் தெரியும் பெரீம்மா. இவருக்கு வெந்நிதான்."

அந்தக் கிழவி வழிவிட்டாள். தோளில், மார்பில், அந்தத் தொப்பையில், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கடைசியில் காலுக்கு வந்தாள். இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெந்நீரை வெகுநேரம் ஊற்றினாள். வார்னிஷ் இளகி, கன்னத்தில் நான் போட்ட நிழல் வழிந்து இலையில் ஓடியது. வழியட்டும் என்று இருந்தது. விரலைத் தடவிப் பார்த்தாள். பாதி நகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது வரைக்கும் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. தயாளனை உரிமையோடு திட்டினாள்: ஏன் போனாய், ஏன் வரவில்லை, யாரைக் கேட்டு அங்கே நின்றாய் என்று. கூட இருந்த பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜெகதாவும் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்?

வெள்ளை நூலால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். வேட்டித் துண்டு உடுத்தினாள். கம்பளித் துணியில் தானே தைத்த சின்னப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். உடுப்பைப் போட்டுவிடச் சொல்லி யாரோ நீட்டினார்கள்.

"வாணாம். ட்யூட்டி முடிஞ்சி வந்தவருக்கு இன்னாத்துக்கு அது?"

நெற்றிக் குங்குமத்தைத் தானே அழித்துக்கொண்டாள். யாரும் தன்னைத் தொடவேண்டாம் என்றாள்.

ஊருக்கு வெளியே குழி வெட்டியிருந்தது. அங்கே போனபோதுதான் புருஷோத்தமனைப் பார்த்தேன். பயிற்சி மையத்துப் பையன்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தியிருந்தான். வம்பு வந்தது என்று நினைத்தேன். ஜெகதா என் கையைப் பிடித்துக்கொண்டாள், என் வாயை நம்பாமல்.

அவன் வம்பு எதுவும் செய்யவில்லை. நடந்து வந்து குழிக்கு எதிரே நின்றான். காலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, சல்யூட் அடித்தான். பட்டாளத்தில் ஏதோ முறை வார்த்தை இருக்கும்போல, அதைச் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் கையை இறக்கினான்.

"நான் வந்துட்டேண்ணா. இனிமே நான் நிக்கறேன். நீ போய்ப் படு."

யுவராணி அவனிடம் பொம்மையைக் கொடுத்தாள். அவன்தான் இறங்கி உள்ளே வைத்தான். போர்வை விலகியிருந்தது, சரிசெய்துவிட்டு ஏறினான். எல்லோரும் மண் தள்ளினோம். நானும் மூன்று கை தள்ளினேன்.

ஜூலை 26, சனி

கண்காட்சி இன்றைக்கு. ஒருவன் அங்கிருந்து படங்களாக அனுப்பிக் கழுத்தறுக்கிறான். முதல் பரிசு ஏதோ சிறகு முளைத்த வீரனுக்காம். கணுக்காலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முளைதான்.

செட் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது யுவராணி போனில் கூப்பிட்டாள். நேரம் பத்தரை. வேலைக்குப் போகவில்லையா என்றேன்.

"இப்பத்தாண்ணா எழுந்தேன். ராத்திரி நல்ல மழையாம், எனக்குத் தெரியவே தெரியாது. மாடியில காயப்போட்ட துணி மொத்தமும் நனைஞ்சி போச்சி. கூப்டுக் கூப்டுப் பாத்தாங்களாம். அத்தை திட்டினே கீறாங்க."

பின்னால் அந்த அம்மாள் திட்டுவது கேட்டது. யுவராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.